பழைய ஃபில்டரைக் கழற்றும்முன்: நல்ல பாக்டீரியாவைப் புதிய ஃபில்டருக்குக் கொண்டுபோவது எப்படி

நீங்கள் கேட்டது இதுதான். சிங்கப்பூர் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீடு, கூடத்தில் 3 அடி மீன் தொட்டி. நான்கு வருடமாக ஓடும், தொட்டியின் விளிம்பில் மாட்டும் தொங்கு ஃபில்டர் இப்போது இரவெல்லாம் கடகடவென்று சத்தம் போடுகிறது, அதனால் ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே குழாயோடு வைக்கும் மூடிய டப்பா) வாங்கி வைத்திருக்கிறீர்கள். உள்ளே 2 ஏஞ்சல், 15 நியான் டெட்ரா, 6 கோரிடோராஸ். கடையில் "பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசை மாட்டுங்க, ஒரு பாட்டில் பாக்டீரியா ஊத்துங்க, போதும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

செய்யாதீர்கள். பழையதை இன்னும் கழற்றவில்லை என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. பெரும்பாலானவர்கள் பழையதைக் குப்பையில் போட்டு மூன்று நாள் ஆனபிறகு, மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்போதுதான் கேட்பார்கள். அப்போது சொல்வதற்கு அதிகம் இருக்காது, வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுங்கள் என்பதைத் தவிர.

முதலில் ஃபில்டர் என்பது என்ன என்று ஒரு தெளிவு வேண்டும். மோட்டார், பிளாஸ்டிக் டப்பா, குழாய், இவையெல்லாம் தண்ணீரை ஓட்டுவதற்கு மட்டும்தான். உண்மையில் வேலை செய்வது ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்குகளிலும் வழவழவென்று ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழுப்புப் படலம். மீன் தன் செவுள் வழியாக நாள் முழுக்க அமோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது, மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி இன்னும் கொஞ்சம் சேர்க்கின்றன. அந்தப் படலத்தில் இருக்கும் ஒரு பாக்டீரியாக் கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அமோனியாவும் நைட்ரைட்டும் கொஞ்சமாக இருந்தாலே விஷம். நைட்ரேட்டை மீன் ஓரளவு தாங்கும், செடி உறிஞ்சும், மீதியை நாம் தண்ணீர் மாற்றும்போது வெளியேற்றுகிறோம்.

பழைய புத்தகங்களில் இந்த இரண்டாவது கூட்டத்துக்கு நைட்ரோபேக்டர் என்று பெயர் போட்டிருக்கும். 1998ல் ஹோவனெக் என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் நன்னீர்த் தொட்டிகளைச் சோதித்தபோது, அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகைதான் என்று கண்டார்கள். 2011ல் வந்த இன்னொரு ஆய்வு, நன்னீர்த் தொட்டி ஃபில்டர்களில் அமோனியாவைத் தின்பவை பெரும்பாலும் பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற வேறு நுண்ணுயிர் வகை என்றது. 2015ல் அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா இருப்பதும் தெரியவந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் ஸ்பாஞ்சில் நான்கு வருடமாகக் குடியேறியிருப்பது ஏதோ ஒரு பாக்டீரியா அல்ல, உங்கள் தண்ணீருக்கும் உங்கள் மீன்களின் எண்ணிக்கைக்கும் பழகிப்போன ஒரு கலவையான கூட்டம். அதைப் பாட்டிலில் யாரும் விற்க முடியாது. எளிமைக்காக இனி எல்லாவற்றையும் பாக்டீரியா என்றே சொல்கிறேன்.

இன்னொன்று, இவை தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. "பழைய தொட்டித் தண்ணீரைப் புது ஃபில்டரில் ஊற்றினால் போதும்" என்று சிலர் சொல்வார்கள், அதனால் பெரிய பயன் இல்லை. எல்லாம் பரப்பில் ஒட்டித்தான் வாழ்கின்றன: ஸ்பாஞ்ச், ரிங், மணல், கண்ணாடிச் சுவர், கட்டை, செடியின் இலை. இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அடியில் மணலும் நிறைய செடியும் இருக்கும் பழைய தொட்டி, ஃபில்டரை இழந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அடியில் எதுவும் போடாமல் வெறும் கண்ணாடியாக வைத்திருக்கும் லோஹான், டிஸ்கஸ் தொட்டிகளில் அந்தத் தயவு கிடையாது, அங்கே ஃபில்டர்தான் எல்லாம். உங்கள் தொட்டியில் மணல் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. கோரி இருப்பதால் இருக்கும் என்று நினைக்கிறேன், இருந்தால் ஃபில்டர் மாற்றும் வாரத்தில் அதைக் கிளறவோ உறிஞ்சிச் சுத்தம் செய்யவோ வேண்டாம். அது உங்கள் சேமிப்பு.

சரி, செய்முறைக்கு வருவோம். அவசரம் இல்லை என்றால் இரண்டு ஃபில்டரையும் ஒரே தொட்டியில் 4 முதல் 6 வாரம் சேர்த்து ஓட்டுவதுதான் நல்லது. சத்தம் தாங்க முடியவில்லை என்றால் முதலில் பழைய ஃபில்டரின் இம்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். மோட்டாரின் அந்தச் சிறிய காந்தத் தண்டைச் சுற்றிச் சகதியோ மணலோ மாட்டியிருந்தால் இப்படித்தான் கடகடக்கும், பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றால் தேய்த்துவிட்டால் பாதி ஃபில்டர்கள் மறுபடி அமைதியாகிவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் சத்தம் போட்டாலும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள முடியுமா பாருங்கள்.

ஆனால் சேர்த்து ஓட்டுவதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பாக்டீரியா எவ்வளவு வளரும் என்பது தீனியைப் பொறுத்தது, அதன் தீனி அமோனியா, அதைக் கொடுப்பவை உங்கள் 23 மீன்கள். புது ஃபில்டரை மாட்டியதால் மீன்கள் கூடுதலாக அமோனியா விடப்போவதில்லை. இருக்கும் ஒரு பானைச் சோற்றை இரண்டு வீடு பங்கு போடுகிறது, அதிலும் பழைய வீட்டில் ஏற்கெனவே கூட்டம் அதிகம், பெரும்பங்கை அதுவே சாப்பிட்டுவிடும். ஆறு வாரம் ஆனபிறகும் புது ஃபில்டரில் முழுப் படை இருக்காது, ஒரு பகுதிதான் இருக்கும். ஆகவே "ஒரு மாசம் ஓட்டியாச்சு" என்று ஒரே நாளில் பழையதைப் பிடுங்கினாலும் லேசாக அமோனியா எட்டிப்பார்க்கலாம். இதனால்தான் நான் எப்போதும் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வேன்: சேர்ந்து ஓட்டுங்கள், பழையதை நிறுத்தும் நாளில் அதன் மீடியாவையும் (உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச், ரிங்குகள்) புதியதற்குள் குடியேற்றுங்கள்.

இந்தக் குடியேற்றம்தான் முக்கியம். சேர்த்து ஓட்டும் வசதியே இல்லாவிட்டாலும், பழைய மோட்டார் இன்றைக்கே செத்துப்போனாலும், இதை ஒழுங்காகச் செய்தால் மீன்களைக் காப்பாற்றிவிடலாம்.

சனிக்கிழமை காலையில் செய்யுங்கள், மறுநாளும் வீட்டில் இருப்பீர்கள். விடுமுறைக்கு ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முதல் நாள் மட்டும் வேண்டவே வேண்டாம். புது கேனிஸ்டரின் கூடைகள், குழாய்கள், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பொருத்தி, ஒழுகுகிறதா என்று ஒரு முறை வாளியில் வைத்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பழைய ஃபில்டரை நிறுத்திய பிறகு ரப்பர் வளையத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

அப்புறம் தொட்டியிலிருந்தே ஒரு வாளித் தண்ணீர் எடுங்கள். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். பழைய ஃபில்டரை நிறுத்தி, ஸ்பாஞ்சையும் ரிங்குகளையும் நேராக அந்த வாளிக்குள் இறக்குங்கள். இப்போது ஸ்பாஞ்சைத் தண்ணீருக்குள் வைத்தே மெதுவாக ஒரு முறை அழுத்துங்கள். சாயம் கரைவது மாதிரி பழுப்பாக ஒரு மேகம் கிளம்பும், மழை பெய்த மண்ணைப் போல ஒரு வாசனை வரும். அந்த மண்வாசனை ஆரோக்கியத்தின் அடையாளம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அங்கே காற்றில்லாமல் எதுவோ கெட்டிருக்கிறது என்று பொருள், அந்தப் பகுதியைப் பயன்படுத்தாதீர்கள். ரிங் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள், பாசி ஏறிய படிக்கட்டைத் தொட்டது போல வழுக்கும். அந்த வழவழப்பைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள், அதற்காகத்தான் இத்தனை பாடு. தண்ணீர் போகவிடாமல் அடைத்திருக்கும் சகதி போகும் அளவுக்கு இரண்டு மூன்று முறை அழுத்தினால் போதும், புதுசு மாதிரி வெளுக்க வேண்டியதில்லை.

பழைய ரிங்குகளை ஒரு வலைப் பையில் போட்டு, கேனிஸ்டரின் கூடையில் கரடுமுரடான ஸ்பாஞ்சுக்கு அடுத்த நிலையில் வையுங்கள். தண்ணீர் முதலில் ஸ்பாஞ்சில் வடிந்து, பிறகு ரிங்குகளுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் சகதி நேராக ரிங்கில் ஏறி மூச்சை அடைத்துவிடும். பழைய ஸ்பாஞ்ச் கூடையில் பொருந்தவில்லை என்றால் கத்தரித்துத் துண்டு துண்டாக நுழைத்துவிடுங்கள், வடிவத்தைப் பற்றி பாக்டீரியாவுக்குக் கவலை இல்லை. உங்கள் தொங்கு ஃபில்டர் பஞ்சு அட்டை போடும் வகை என்றால் அந்த அட்டையின் பிளாஸ்டிக் சட்டத்தை அறுத்து, உள்ளே கரி இருந்தால் கொட்டிவிட்டு, பஞ்சை மட்டும் சுருட்டி உள்ளே வையுங்கள். (மாதம் ஒருமுறை அட்டையை மாற்றச் சொல்லி டப்பாவில் எழுதியிருப்பதைப் பின்பற்றுகிறவர்கள், மாதம் ஒருமுறை தங்கள் பாக்டீரியாவைக் குப்பையில் போடுகிறார்கள். கிழிந்து நைந்து போகும்வரை அதைத் தொட்டித் தண்ணீரில் அலசி அலசிப் பயன்படுத்தலாம்.) மிச்ச இடத்தைப் புது மீடியாவால் நிரப்பி, வாளியில் இருக்கும் அந்தப் பழுப்புத் தண்ணீரில் கொஞ்சத்தைக் கேனிஸ்டருக்குள் ஊற்றி மூடி ஓடவிடுங்கள். தொட்டி ஒரு மணி நேரம் கலங்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம், தெளிந்துவிடும். பழையதை நிறுத்தியதிலிருந்து புதியது ஓடும்வரை அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. எங்கேயாவது சிக்கிக்கொண்டால் மீடியாவை வாளியிலேயே விட்டு ஒரு ஏர் ஸ்டோனைப் போட்டு வையுங்கள். காயவிட மட்டும் வேண்டாம்.

குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் நம் சிங்கப்பூர்த் தண்ணீரின் தன்மை. பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமி நீக்கத்துக்குக் குளோராமின் பயன்படுத்துகிறது. நீர்த்தேக்கமோ, ஜொகூரிலிருந்து வருவதோ, மறுசுழற்சி செய்த புதுநீரோ, கடல்நீரைச் சுத்திகரித்ததோ, வீட்டுக் குழாய்க்கு வரும்போது அதில் கிருமிகொல்லி இருக்கும், நாம் குடிப்பதற்கு அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்ப்பதில்லை. குழாயடியில் ஸ்பாஞ்சைப் பிடித்துப் பிழிந்தால் நான்கு வருட உழைப்பைக் கிருமிகொல்லியில் குளிப்பாட்டுகிறீர்கள்.

சாதாரணக் குளோரின் என்றால் வாளியில் ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். ஊரில் மீன் வளர்த்த அனுபவத்தில் பெரியவர்கள் "தண்ணிய ஒரு நாள் வச்சு ஊத்து" என்று சொல்வது அதனால்தான், அங்கே அது சரியாகவும் இருந்திருக்கும். குளோராமின் அப்படி எளிதில் போகாது, நாள்கணக்கில் தங்கும். தவிர, இங்கே நாள்கணக்கில் வாளியில் தண்ணீர் திறந்து வைப்பது கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம், தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அதிகாரி சோதனைக்கு வந்து புழுவைப் பார்த்தால் அபராதம்தான். எனவே ஆன்டி குளோரின் போடுங்கள், குளோராமினுக்கும் சேர்த்து வேலை செய்யும் என்று பாட்டிலில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏனென்றால் குளோராமின் என்பது குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது. மருந்து குளோரின் பகுதியை உடைத்ததும் அமோனியா பகுதி தண்ணீரில் நிற்கும். உயிருள்ள ஃபில்டர் அதைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். ஃபில்டர் பலவீனமாக இருக்கும் வாரத்தில் அதுவும் ஒரு கூடுதல் சுமை. புதிதாக மாற்றிய தண்ணீரைச் சோதித்து, அமோனியா லேசாகக் காட்டுகிறதே என்று பலர் திகைப்பது இதனால்தான்.

எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது ஒரு தீபாவளி. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டைக் கழுவித் துடைத்து, திரைச்சீலை மாற்றி, கடைசியில் தொட்டியும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று ஃபில்டரைக் கழற்றி சமையலறைத் தொட்டியில் வைத்து, குழாயைத் திறந்துவிட்டு, ஸ்பாஞ்சிலிருந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழிந்தேன். ரிங்குகளையும் வடிதட்டில் போட்டு அரிசி களைவது போலக் களைந்தேன். தண்ணீரும் பாதிக்கு மேல் மாற்றினேன். தீபாவளி அன்று வந்தவர்கள் எல்லாரும் தொட்டி முன்னால் நின்று பார்த்தார்கள், அவ்வளவு தெளிவு. மூன்றாம் நாள் காலை ஏஞ்சல் இரண்டும் மேல் மூலையில், ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. செவுள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தது. தண்ணீர் அப்போதும் கண்ணாடி மாதிரி இருந்தது, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை, ஏதோ நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கார்டினல் டெட்ராக்கள் ஒன்பது, ஒரு ஏஞ்சல் செத்துப்போயின. மிச்சத்தைக் காப்பாற்றியது, ஒரு நண்பர் தன் தொட்டியிலிருந்து ஈரமாகவே பிளாஸ்டிக் பையில் கட்டி ரயிலில் கொண்டுவந்து தந்த ஒரு ஸ்பாஞ்ச். அன்றிலிருந்து எந்த மீன் மேலே வந்து மூச்சு வாங்கினாலும் மருந்தை எடுக்கும் முன் தண்ணீரைச் சோதிக்கிறேன்.

அடுத்து வெயில். நம் வீடுகளில் சில்லர் இல்லாத தொட்டி 28லிருந்து 30 டிகிரியில் இருக்கும். இணையத்தில் நாம் படிக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை, அவர்கள் ஹீட்டர் வைத்து 24, 25 டிகிரியில் வளர்க்கிறார்கள். சூட்டில் பாக்டீரியா வேகமாகப் பெருகும், அது நமக்குச் சாதகம். ஆனால் தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் சொச்சம் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் 7.5 தான் தாங்கும். இந்த பாக்டீரியாவோ ஆக்சிஜனுக்குப் பெரும்பசி கொண்டது, அமோனியாவில் இருக்கும் ஒவ்வொரு கிராம் நைட்ரஜனையும் நைட்ரேட்டாக்க 4.5 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். தொங்கு ஃபில்டரில் தண்ணீர் அருவி மாதிரி விழுந்து தானாகவே காற்றைக் கலந்துகொண்டிருந்தது. கேனிஸ்டர் மூடிய டப்பா, தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருப்பதை வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். ஆகவே கேனிஸ்டரின் வெளியேற்றும் குழாயை நீர்மட்டத்தை ஒட்டி, மேற்பரப்பு நன்றாகச் சலசலக்கும்படி வையுங்கள், முதல் மாதம் ஒரு ஏர் பம்பும் ஓடட்டும்.

இதே காரணத்தால் கேனிஸ்டர் நின்றுபோனால் கவனமாக இருக்க வேண்டும். மின்சாரம் டிரிப் ஆகி நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது ஏழெட்டு மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அழுக ஆரம்பித்திருக்கும். அப்படியே சுவிட்சைப் போட்டால் அந்த நாற்றத் தண்ணீர் முழுவதும் மீன் மேல் போகும். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் ஒரு முறை அலசி, பிறகு ஓட்டுங்கள். இரவில் சத்தமாக இருக்கிறது என்று ஃபில்டரை நிறுத்திவிட்டுத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கேனிஸ்டரில் அந்தப் பழக்கம் கூடவே கூடாது.

மாற்றிய பிறகு என்ன செய்வது? முதல் இரண்டு வாரம் தீனியைப் பாதியாக்குங்கள், முதல் நாள் ஒன்றுமே போடாவிட்டாலும் பரவாயில்லை. வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் தீனி டப்பாவை ஒளித்து வையுங்கள். புது மீன் வாங்காதீர்கள், மீன் கடைகள் இருக்கும் சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் அந்த மாதம் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. தினமும் அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள், துளி மருந்து விட்டு நிறம் பார்க்கும் வகைச் சோதனைப் பெட்டி வேண்டும், காகிதப் பட்டைகளில் பல அமோனியாவைக் காட்டுவதே இல்லை. ஏபிஐ நிறுவனத்தின் பெட்டி நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். அதில் அமோனியா மஞ்சளாகவும் நைட்ரைட் வெளிர்நீலமாகவும் இருந்தால் பூஜ்யம். அமோனியா பச்சைக்கும் நைட்ரைட் ஊதாவுக்கும் நகர ஆரம்பித்தால், இரண்டில் எது 0.5ஐத் தொட்டாலும், ஆன்டி குளோரின் போட்ட தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மாற்றுங்கள். மறுநாளும் அப்படியே என்றால் மறுநாளும் மாற்றுங்கள். தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அவை தண்ணீரில் இல்லை என்று முன்பே சொன்னேன்.

பிஹெச்சையும் சேர்த்துப் பாருங்கள். சோதனையில் தெரியும் அமோனியா முழுவதும் விஷம் இல்லை, அதில் ஒரு பகுதிதான் விஷ வடிவத்தில் இருக்கும், அந்தப் பகுதி பிஹெச்சையும் சூட்டையும் பொறுத்தது. 30 டிகிரியில் பிஹெச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, பிஹெச் 8 என்றால் 7 பங்குக்கு மேல். ஒரே சோதனை நிறம், இரண்டு தொட்டிகளில் பத்து மடங்கு வித்தியாசமான ஆபத்து. மறுபக்கம், பிஹெச் 6க்கும் கீழே இறங்கினால் மீனுக்கு அமோனியா ஆபத்து குறையும், ஆனால் பாக்டீரியா வேலையே செய்யாமல் சோர்ந்துவிடும். இந்த பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் கார்பனேட்டைத் தின்றுகொண்டே போகும், நம் குழாய்த் தண்ணீரில் அது அதிகம் இல்லை, என் வீட்டில் அளக்கும்போதெல்லாம் கேஹெச் (கார்பனேட் அளவு) 2, 3 என்றுதான் காட்டும். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டிகளில் ஃபில்டர் "திடீரென்று" படுத்துவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். வாரம் கால் பங்கு மாற்றிக்கொண்டிருந்தால் உங்களுக்கு இந்தப் பிரச்சினை வராது.

நைட்ரைட் ஏறிவிட்டால் உப்பு கைகொடுக்கும். நைட்ரைட் மீனின் இரத்தத்தில் புகுந்து ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்கிறது, தண்ணீரில் குளோரைடு இருந்தால் செவுள் நைட்ரைட்டுக்குப் பதிலாக அதை உள்ளே விடும். இதற்கு மிகக் கொஞ்சம் போதும்: 10 லிட்டருக்கு 1 கிராம். உங்கள் தொட்டி 3 அடிக்கு 1.5 அடிக்கு 1.5 அடி என்றால் 180 லிட்டர் வரும், 18 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சாதாரணக் கல்லுப்பு, ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். கோரிக்கும் டெட்ராவுக்கும் உப்பு ஆகாது என்பார்கள், அது கைப்பிடி கைப்பிடியாகப் போடும் மருந்து அளவுக்குத்தான், இந்த அளவு ஒன்றும் செய்யாது. அமோனியாவுக்கு உப்பு உதவாது, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பாட்டில் பாக்டீரியா பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, புதிதாக ஒன்றுமே இல்லாத தொட்டியில் சில நல்ல தயாரிப்புகள் நாளைக் குறைக்கின்றன. ஆனால் அது உயிர்ப் பொருள், கிடங்கிலும் லாரியிலும் கடை அலமாரியிலும் 32 டிகிரியில் எத்தனை மாதம் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வாங்கிவிட்டீர்கள் என்றால் ஊற்றுங்கள், கெடுதல் இல்லை. அதை நம்பிப் பழைய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடாதீர்கள், அவ்வளவுதான். அந்தக் காசுக்கு ஒரு மணி பிளான்ட் தண்டை வெட்டி அதன் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டால் அது அமோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இலை தண்ணீருக்கு வெளியே இருக்கட்டும்.

பழைய பொருள் விற்கும் கரோசெல் இணையதளத்தில் "ஓடிக்கொண்டிருந்த மீடியாவோடு" என்று பழைய கேனிஸ்டர் விற்பார்கள். இரண்டு வாரம் பால்கனியில் காய்ந்த மீடியாவில் நமக்கு வேண்டியது அநேகமாக எதுவும் மிஞ்சியிருக்காது. ஈரமாகவே, அன்றைக்கே ஓடிய தொட்டியிலிருந்து கிடைத்தால் பலன் உண்டு, ஆனால் அந்தத் தொட்டியின் நோயும் நத்தையும் சேர்ந்தே வரும். மீனை நேரில் பார்த்து, வெள்ளைப் புள்ளி எதுவும் இல்லை என்று தெரிந்த நண்பரிடம் மட்டும் வாங்குங்கள்.

உங்கள் நிலையில் நான் என்ன செய்வேன்? இந்த வாரமே இம்பெல்லரைச் சுத்தம் செய்து, கேனிஸ்டரை மாட்டி இரண்டையும் ஓடவிடுவேன். ஐந்தாவது வாரம் ஒரு சனிக்கிழமை பழைய ரிங்குகளைக் கேனிஸ்டருக்கு மாற்றுவேன், பழைய ஸ்பாஞ்சை மட்டும் தொங்கு ஃபில்டரிலேயே இன்னும் பத்து நாள் விட்டுவைப்பேன். அந்தப் பத்து நாளும் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்றால் தொங்கு ஃபில்டரைக் கழற்றலாம். ஸ்பாஞ்சை அப்போதும் தூக்கிப் போட வேண்டாம், அதில் ஒரு துளை போட்டு, கேனிஸ்டரின் உறிஞ்சும் குழாய் முனையில் மாட்டிவையுங்கள். டெட்ரா உள்ளே இழுபடாமலும் தடுக்கும், நாளைக்கு ஒரு மீனுக்கு நோய் வந்து தனித் தொட்டியில் வைக்க நேர்ந்தால் அந்த ஸ்பாஞ்சை உருவி ஒரு சின்ன ஏர் பம்போடு போட்டால் அன்றைக்கே ஓடும் ஃபில்டர் தயார். வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரில் பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு கேனிஸ்டரின் வேகம் குறைந்துவிடும்.

சோதனை எண்களை எழுதி வைத்து, ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் தொட்டியின் சூடு, பிஹெச், கடைசியாகத் தண்ணீர் மாற்றிய நாள் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.